நடுவில் இருந்தவள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இடது காதுக்கு மேல் ஹெட்செட் அழுத்திய தழும்பைத் தவிர எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் இருவருக்கும் எப்படி? உன் வீட்டுக்காரிக்கு மூன்றாம் மாதம் என்கிறாய். அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடாதே. உன் துணியை இனி நீயே துவை.

புது ஊர், புது வீடு, புது வேலை என்று மூன்றையும் ஒரே நேரத்தில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாய். ஆபரேட்டர் அக்கா சம்பளத்தில் படித்துவிட்டு, ஆபரேட்டரே வேண்டாத எக்ஸ்சேஞ்சைக் கட்டுகிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்த புண்ணியவான் உலகத்தில் நீ ஒருவன்தான். போகட்டும், சம்பளம் ஒழுங்காக வந்தால் சரி.

இங்கேயும் அந்தச் செய்தி வந்துவிட்டது. பெரிய சார் எங்களை எல்லாம் ஓய்வறையில் கூட்டி வைத்துச் சொன்னார். ஆகஸ்டில் நம் எக்ஸ்சேஞ்சும் ஆட்டோமேட்டிக். ஊருக்குள் பேசுகிறவர்கள் தாங்களே டயலைச் சுற்றிக்கொள்வார்கள். வெகுதூர ஊர்களுக்கு டிரங்க் கால் போட மட்டும் ஆள் வேண்டும், அதற்கு நாலு பேர் போதுமாம். நாங்கள் பதினாறு பேர்.

"அந்த நாலு பேரு யாரு சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"இன்னும் முடிவு பண்ணலம்மா. உன் பேரு இல்லாம ஒரு பட்டியலா?" என்றார்.

அதனால் எனக்குக் கவலை இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து மூடிவிட்டேன். எனக்கு வீட்டில் உட்காரத் தெரியாது, உனக்கே தெரியும். விடுமுறை நாளில் மத்தியானத்துக்குள் அலமாரியை இரண்டு தரம் கலைத்து அடுக்கிவிடுவேன். வேலை போனால் என்ன செய்வேன் என்று யோசித்தால், அந்த யோசனைக்கு மேலே போக வழி தெரியவில்லை.

ஒன்று சொல்லி வைக்கிறேன். புது ஆபீஸில் போன் இருக்கிறதே என்று என்னை போர்டில் கூப்பிடாதே. போர்டில் உட்கார்ந்து சொந்தப் பேச்சு பேசினால் சீட்டுக் கிழிந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நான் பேசியதில்லை. கடிதம் போடு.

கை சும்மா இராத
உன் அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும், உள்ளே இருப்பதையும் சேர்த்தால் மூவரும், சௌக்கியம். அவளுக்குக் காலையில் மட்டும் வாந்தி. துணியை நான்தான் துவைக்கிறேன். எதிர்வீட்டு ஜன்னலில் தினமும் கூட்டம்.

இங்கே மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. பெரிய அறை, அதில் ஆளுயர இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. யாரோ ஒருவர் வீட்டில் டயலைச் சுற்றி விட்டால், அது திரும்பி வருகிற ஒவ்வொரு துடிப்புக்கும் இங்கே ஒரு இரும்புக் கை ஒரு படி மேலே ஏறுகிறது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, கேட்ட லைனைப் போய்த் தொடுகிறது. நீ பிளக்கை எடுத்துக் குழியில் செருகுவாயே, அதே வேலைதான். காலையில் கடை திறக்கிற நேரத்தில் அங்கே நின்றால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை, காதுக்குள் எதுவோ படி ஏறிக்கொண்டே இருந்தது.

எங்கள் போர்மேன் ஒரு கதை சொன்னார். இந்த மெஷினை முதலில் கண்டுபிடித்த ஆள் எஞ்சினியர் இல்லையாம். பிணத்துக்குப் பெட்டி செய்து அடக்கம் பண்ணிக் கொடுக்கிற தொழில் பார்த்தவராம். அவருடைய போட்டிக்காரனின் மனைவி ஊர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சாவு விழுந்த வீட்டிலிருந்து இவரைக் கேட்டால், அவள் தன் புருஷனுக்கு லைனைத் திருப்பிவிடுகிறாள் என்று இவருக்குச் சந்தேகம். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து, நடுவில் ஆளே வேண்டாம் என்று இதைச் செய்தாராம். உண்மையோ பொய்யோ, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இது சின்ன ஊர். வெளியூர் பேச இங்கே தனி போர்டு இல்லை. பூஜ்யத்தைச் சுற்றினால் உங்கள் போர்டுக்குத்தான் வருகிறது. சும்மா ஒரு நாள் சுற்றி, "டிரங்க்" என்று நீ சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாமா என்று தோன்றும். திட்டுவாய் என்று விட்டுவிட்டேன்.

அக்கா, நீ எதற்கு அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும்? நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். போதும். இங்கே ஓர் அறை காலியாக இருக்கிறது, தெருவைப் பார்த்த ஜன்னல். வந்துவிடு.

உன்
தம்பி

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். அவளுக்கு வாந்தி நின்றதா? எலுமிச்சம் பழத்தை முகர்ந்து பார்க்கச் சொல்.

உன் பெட்டிக்காரர் கதையை ஓய்வறையில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி செய்த திருட்டுத்தனத்துக்கு எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்களா? உனக்கு நானும் ஒரு கதை சொல்கிறேன். எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னது. டெலிபோன் வந்த புதிதில் போர்டில் பையன்களைத்தான் உட்கார வைத்தார்களாம். அவர்கள் சந்தாதாரரைத் திட்டுவதும், ஒருவன் லைனை இன்னொருவன் லைனில் மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதுமாக இருந்தார்கள். தாங்க முடியாமல்தான் பெண்களைக் கொண்டுவந்தார்கள். அப்போது சுழற்றுகிற கைப்பிடி, பிறகு விளக்கு எரிகிற போர்டு, இப்போது டயல். எது வந்தாலும், எதிலாவது கோளாறு என்றால் ஜனங்கள் முதலில் கேட்பது "அம்மா, யாராவது இருக்கீங்களா?" என்றுதான்.

எங்கள் வேலை உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், உடனே போர்டில் இருக்கிற கேட்புச் சாவியை மூடிவிட வேண்டும். மூடினால் நமக்கு ஒன்றும் கேட்காது. மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே போய்ச் சொல்ல வேண்டும். தவறி ஏதாவது காதில் விழுந்தால் அது வாய்க்கு வரக்கூடாது. போன வாரம் ஆலை முதலாளி ஒருவர், "நான் யாருன்னு தெரியுமா?" என்றார். "தெரியும் சார், மூணு நிமிஷம் ஆயிடுச்சு" என்று எடுத்துவிட்டேன்.

அந்த நாலு பேரில் எனக்கு ஏன் இடம் வேண்டும் என்று கேட்டாய். வந்த வரன்களை எல்லாம் நான் தட்டிக் கழித்தது, கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும் என்று அப்போது இருந்த விதியால்தான். உனக்காக என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளாதே. எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. இன்னும் பிடித்திருக்கிறது.

எங்களில் கணீர் என்று ஒருத்தி இருக்கிறாள். குரலால் வந்த பட்டப்பெயர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வேலைக்கு வந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் காலை ஷிப்ட் முடிந்து டிரங்க் நாற்காலியிலிருந்து இறங்கும்போது அவள் அதில் ஏறுவாள். "அக்கா, நாலு பேருல நான் வருவேனா?" என்று தினமும் கேட்கிறாள். என்ன சொல்வது?

குழந்தை பிறக்கும்போது ஒரு மாதம் விடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

உன் அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வாந்தி நின்றுவிட்டது, எலுமிச்சைக்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

பெரிய செய்தி. உங்கள் எக்ஸ்சேஞ்சை மாற்றப் போவது எங்கள் கோஷ்டிதான். அதிலும் மாற்றுகிற அன்றைக்கு மாடியில் நின்று உத்தரவு கொடுப்பது நான். புது மெஷினில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்ன ஆப்பு செருகி வைத்திருப்போம். எல்லா ஆப்புகளையும் வரிசை வரிசையாக நூலில் கட்டியிருக்கும். நேரம் வந்ததும் நூலை இழுத்தால் அத்தனையும் ஒன்றாகக் கழன்று விழும், மெஷினுக்கு உயிர் வரும். அதே நேரத்தில் கீழே உங்கள் போர்டை விடுவிப்பார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரிலிருந்து உங்கள் ஊருக்கு நேராகவே டயல் பண்ணலாம்.

இதைச் சந்தோஷமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் நாற்காலியில் உட்கார முடியவில்லை. உங்கள் ஊர் முடிந்ததும் அடுத்த ஊர், அதற்குப் பிறகு இன்னொன்று. மாதத்தில் பாதி நாள் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அவளுக்குத் தாயும் இல்லை. டாக்டர் அம்மா, "பிரசவத்துக்கு அப்புறமும் கூட ஆள் வேணும், கனமா எதையும் தூக்கக்கூடாது" என்கிறார். ஒரு மாதம் எப்படிப் போதும், அக்கா?

பெரிய சாரிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று இருக்கிறேன். பொதுவாகத்தான். அவர் எது செய்தாலும் உன் நல்லதுக்குத்தான் செய்வார்.

உன்
தம்பி

---

மே 11

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பதில் எழுத நேரம் ஆகிவிட்டது. ஏப்ரல் கடைசி வாரம் கணீரின் சின்னவனுக்குக் காய்ச்சல். அவளுடைய மத்தியான ஷிப்டை நான் பார்த்தேன். முதல் தடவையாக ஷிப்ட் மாறினேன்.

நாலு பேரைச் சொல்லிவிட்டார்கள். என் பெயர் இல்லை. எனக்குப் பதில் கணீர். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. பெரிய சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரொம்ப அன்பாகப் பேசினார். "உனக்கும் ஓய்வு வேணும்ல? வீட்டுல ஒரு நல்ல காரியம் வருதாமே" என்றார். நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை.

அந்த அறை ஜன்னல் தெருவைப் பார்த்தது என்றாய். அங்கே உட்கார்ந்து நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

அக்கா

---

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்தது. வருத்தப்படாதே. யோசித்துப் பார்த்தால் எல்லாம் நல்லதற்குத்தான். இனிமேல் விடிவதற்கு முன் எழுந்து ஓட வேண்டாம், ஆலை முதலாளிகளிடம் பேச்சுக் கேட்க வேண்டாம். அறைக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டேன், நீலம். கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று நானும் அவளும் சண்டை போடுகிறோம். நீதான் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பகல் முழுக்க என்ன செய்வது என்று கேட்டாய். உன் மருமகனையோ மருமகளையோ பார்த்துக்கொண்டால் போதாதா? அவர்கள் உன்னை உட்காரவா விடுவார்கள்?

ஒன்று மட்டும் மனதில் நெருடுகிறது. நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "அண்ணிக்கு என் மேல கோபமா?" என்கிறாள். மறந்திருப்பாய் என்று சொல்லி வைத்தேன். உடனே எழுது.

உன்
தம்பி

---

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அவள் நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை.

பதில் வரும் வரும் என்று பார்த்துப் பார்த்து, தபால்காரர் என்னைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போகிறார். நேற்று உன் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கணீரின் மத்தியான ஷிப்டை நீ பார்த்தாய் என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரல் கடைசி வாரம். முதலில் படித்தபோது அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். நேற்று அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கையில் இருந்த காபி ஆறிப் போயிற்று.

அந்த வாரம் நான் பெரிய சாரிடம் பேசினேன். உனக்குக் காலை ஷிப்ட் என்று கணக்குப் போட்டுத்தான் மத்தியானத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். லைன் வந்ததும் எங்கள் கிளார்க்தான் எடுத்தார். "சார், உங்களுக்கு" என்று என் கையில் கொடுத்தார். போர்டில் யார் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஷிப்ட் மாறாதவள் நீ. மாறுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் என்ன பேசினேன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். "அக்காவுக்குக் காது முன்ன மாதிரி இல்ல சார், டிரங்க் வேலை இனி அவங்களால முடியாது. அவங்க பேரை எடுத்துடுங்க. நான் சொன்னதா மட்டும் தெரிய வேண்டாம்" என்றேன். உன் காதுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னும் என்னென்னவோ பேசினேன். நீளமாகப் பேசினேன். மூன்று நிமிடம் எப்போதோ கடந்திருக்கும், யாரும் குறுக்கே வரவில்லை. அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. ஆலை முதலாளியையே நிறுத்தியவள் என்னை ஏன் நிறுத்தவில்லை?

நான் கட்டுகிற மெஷின் ஆறு மாதம் முந்தி அங்கே வந்திருந்தால் உனக்கு இது தெரிந்தே இருக்காது. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா, அந்த டிரங்க் காலைப் போட்டுக் கொடுத்தது நீதானா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுது.

உன்
தம்பி

---

ஜூன் 15

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரிக்கு என் மேல் சந்தேகம் வேண்டாம். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆறாம் மாதம் கால் வீங்கும், தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த டிரங்க் காலை யார் போட்டுக் கொடுத்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று நான் எழுத மாட்டேன். இருக்கிற கொஞ்ச நாளாவது நான் ஆபரேட்டராக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். ஒருத்தி போர்டில் இருக்கிறாள். லைனைக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்கிறாள். ஒரு பக்கத்தில் அவள் வளர்த்த தம்பியின் குரல். சாவியை மூட வேண்டும். கை சாவி மேல்தான் இருக்கிறது. அதற்குள் அவள் பெயர் காதில் விழுகிறது. நீயாக இருந்தால் மூடியிருப்பாயா? அவளுக்கு மூட முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், முள் நகர்ந்தது தெரிந்தது, குறுக்கே போக வாய் வரவில்லை. வாயைத் திறந்திருந்தால் "ஏன்டா?" என்றுதான் வந்திருக்கும்.

அவளால் பெரிய சாரிடம் போய் நியாயம் கேட்கவும் முடியாது. "என் பேரை எடுக்கச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். அத்தோடு அவள் கதை முடிந்தது. கேட்டதைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

அவளுக்குக் கோபம் அவன் கூப்பிட்டதில் இல்லை. வந்து இரு என்று கேட்டான், ஒரு மாதம்தான் வருவேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு போக்கிடமே இல்லாமல் செய்துவிட்டு, திரைச்சீலை வாங்கினான் பார், அதில்தான். அதோடு காது கேட்காது என்று வேறு. பக்கத்து அறையில் எலி ஓடினால் எழுந்துகொள்கிறவளை.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்துக் கேட்டுவிட்டார், என்னம்மா தேடுறீங்க என்று.

அக்கா

---

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அவள் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தலையணை உபயம் நீ.

நேற்று மறுபடி பெரிய சாருக்கு டிரங்க் கால் போட்டேன். இந்த முறை உன் காலை ஷிப்டைப் பார்த்துத்தான் போட்டேன். கிளார்க்கை எடுக்கவிடவில்லை, நானே எடுத்தேன். "பேசுங்க" என்று ஒரு குரல் சொன்னது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குப் பேச வேண்டியது எல்லாம் மறந்துவிட்டது.

அப்புறம் சொன்னேன். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். "சார், நான் அன்னைக்குச் சொன்னது பொய். அக்கா காது உங்க காதையும் என் காதையும் விட நல்லா இருக்கு. எனக்கு வீட்டுல ஆள் வேணும்னு சுயநலத்துல சொல்லிட்டேன். அவங்க பேரைத் திரும்பச் சேர்த்துடுங்க" என்றேன்.

அதற்கு அவர், "உத்தரவுல இன்னும் கையெழுத்து ஆகல. சேர்க்கலாம். ஆனா நாலு பேரு நாலு பேருதான். உங்க அக்கா உள்ள வந்தா ஒருத்தர் வெளிய போகணும். நீயே சொல்லு, யாரை எடுக்கட்டும்?" என்றார்.

அக்கா, எனக்கு அந்த நாலு பேரில் ஒரு பெயர்தான் தெரியும். அது என் வாய்வரை வந்துவிட்டது. "க" என்று தொடங்கிவிட்டேன். அப்போது லைன் செத்துப் போயிற்று.

என் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பப் பூஜ்யத்தைச் சுற்றினேன். "அந்த லைன்ல கோளாறு, சாயங்காலம் வரைக்கும் கிடைக்காது" என்று அதே குரல் சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் எடுத்துவிட்டது. சாயங்காலம் கூப்பிட்டபோது உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது என்றார் பெரிய சார்.

மூன்று நிமிடத்துக்கு மேலும் விடமாட்டாய், குறைவாகவும் எடுக்கமாட்டாய், அதுதானே உன் பெருமை? ஏன் இப்படிச் செய்தாய்? நான் சரி செய்ய வந்தேன், அக்கா. என்னைச் சரி செய்யவே விடவில்லை.

உன்
தம்பி

---

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

லைன்கள் அறுந்துபோவது உண்டு. மழைக்காலத்தில் அடிக்கடி, வெயில் காலத்தில் எப்போதாவது. அறுந்தது நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொள். நீ ஒரு தரம் ஒரு பெயரைச் சொன்னாய், அதற்கு ஒருத்தி பட்டாள். இன்னொருத்தி பெயரையும் உன் வாயால் சொல்ல வேண்டாம். பெயர் வந்தபிறகு அதைத் திரும்ப வாங்க எந்த எக்ஸ்சேஞ்சாலும் முடியாது. கணீரின் சின்னவன் இப்போது தேறிவிட்டான். என்னைப் பார்த்தால் காதில் கையை வைத்துக்கொண்டு "டிரங்க்" என்கிறான்.

நீ சொன்னதை, அதாவது நீ பேசியதாக எனக்கு எழுதியதை, பலமுறை படித்தேன். என் காது நல்ல காது என்று ஒருவர் பெரிய சாரிடம் உரக்கச் சொன்னாராம். அது போதும். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது, இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். ஆனால் அதைவிட அந்த வார்த்தை வேண்டியிருந்தது.

உன் அறைக்கு மட்டும் நான் வரப் போவதில்லை. திரைச்சீலையை ஜன்னலுக்கு நீயே போட்டுக்கொள். நான்கு நாளைக்கு முன் நானே கிளம்பி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே உள்ளே வார்டுகளுக்கும் டாக்டர்களுக்கும் லைன் கொடுக்க ஒரு சின்ன போர்டு இருக்கிறது. ஊர் முழுக்க ஆட்டோமேட்டிக் ஆனாலும் அந்த போர்டில் ஆள் வேண்டும். மேலாளர், "முன்ன போர்டு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார். செப்டம்பர் முதல் வேலை. பிரசவத்துக்கு ஒரு மாதம் விடுப்பு வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் வீட்டுக்கு ஆள் வேண்டும், அது உண்மைதான். ஒரு நல்ல பெண்ணாகப் பார். அல்லது மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றாத வேலையாகக் கேள். பெரிய சாரிடம் வாய் திறக்க உனக்குத்தான் கூச்சமே இல்லையே.

மாற்றுகிற அன்றைக்கு நீ வருவாய். சாப்பாடு நம் வீட்டில்.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அவள் நீ கொடுத்தனுப்பிய துணிகளைப் பிரித்து விரித்து, மடித்து, மறுபடி பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஊருக்குத் திரும்பி மூன்று நாளாகியும் எனக்கு இன்னும் நான் மாடியில் நிற்பது போலவே இருக்கிறது. ஆட்கள் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கீழே பதினாறு பேரும் போர்டு முன்னால். நமக்கு நடுவில் ஒரே ஒரு பேசும் லைன், அதன் ஒரு முனையில் நான், மறுமுனையில் நீ. "போர்டு தயாரா?" என்று கேட்டேன்.

"தயார் சார்" என்றாய்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை சார் என்றாய். அதைக் கேட்டு, உத்தரவு கொடுப்பதை விட்டுவிட்டு மாடிப்படியைப் பார்த்தேன். போர்மேன் முழங்கையால் இடித்தார். அந்த நேரத்தில் உன்னிடம் ஒன்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த லைனில் பெரிய சார் இருந்தார், மற்ற எஞ்சினியர்கள் இருந்தார்கள், இன்னும் யார் யாரோ. "இழுங்க" என்று மட்டும் சொன்னேன். ஆப்புகள் மழை மாதிரி தரையில் கொட்டின. மெஷின் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, எங்கேயோ ஒரு மூலையில் ஒரு கை படி ஏறியது. பிறகு இன்னொன்று. பிறகு கணக்கே இல்லை.

ஓடிக் கீழே வந்தேன். போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நீ ஹெட்செட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். மற்றவர்கள் அழுதார்கள், நீ அழவில்லை. என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றாய்.

வீட்டிலும் எல்லாம் பேசினோம். கீழ்வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதுகூட. அந்த ஒன்றை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ரயிலில் வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். எழுதலாம் என்று இப்போது உட்கார்ந்தால், அது எழுதுகிற விஷயமாக இல்லை. வாயால் சொல்ல வேண்டும்.

ஊர் ஊராகப் போகாத பராமரிப்பு வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைக்கும் என்கிறார்கள்.

உன்
தம்பி

---

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நல்ல சுகத்தோடு இருக்கிறேன், நாற்காலியில் இருக்கிறேன், வேறென்ன வேண்டும்? அவளுக்கு எந்த நாளும் ஆகலாம் என்று டாக்டர் அம்மா சொன்னதாக எழுதியிருந்தாள். என் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. மேலாளருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி போர்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. ஜன்னல் வாசல் பக்கம் பார்த்தது. யார் ஓடி வருகிறார்கள், யார் மெதுவாகப் போகிறார்கள் என்று எல்லாம் தெரியும். எக்ஸ்சேஞ்சில் எல்லாரும் அவசரம் அவசரம் என்பார்கள், ஒருவருக்கும் அவசரம் இருக்காது. இங்கே சொல்கிறவர்களுக்கு நிஜமாகவே அவசரம். முதல் நாள் ஒவ்வொரு பிளக்கையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். இரண்டாம் நாள் இல்லை.

கணீர் நேற்று பிள்ளைகளோடு வந்தாள். டிரங்க் போர்டில் இப்போது பேச்சே குறைந்துவிட்டது என்கிறாள். உன் ஊரிலிருந்தெல்லாம் நேராகவே டயல் பண்ணிவிடுகிறார்களாம், அவளைக் கேட்பதே இல்லையாம்.

வலி எடுத்ததும் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே. ஆஸ்பத்திரி எண்ணை உன் வீட்டுக்காரிக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். சுற்று. நீ போட்ட மெஷினில் கை படி ஏறும், திரும்பும், தொடும். நடுவில் யாரும் "டிரங்க்" என்று கேட்க மாட்டார்கள். யாருடைய சாவியும் திறந்திருக்காது. இங்கே மணி அடிக்கும், நான்தான் எடுப்பேன்.

போர்டில் சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்று உனக்கு எழுதியிருந்தேன். அது அந்த போர்டு. முதலில் அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல். பிறகு, மாடியில் நின்றுகொண்டு சொல்ல வந்து சொல்லாமல் விட்டாயே, அதையும் சொல்லிவிடு. மெதுவாகவே சொல். மூன்று நிமிடம் ஆனாலும் நான் குறுக்கே வரமாட்டேன்.

உன் அக்கா